வரைபடத்தில் நிறம் உண்டு, வரி வருமா? யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5இன் ‘கட்டுப்பாடு’ பற்றி ஓர் எளிய விளக்கம்

யூரோப்பா யூனிவர்சாலிஸ் என்ற கணினி விளையாட்டுத் தொடரை இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதன் ஐந்தாம் பாகம் 2025 நவம்பர் 4ஆம் தேதி வெளிவந்தது. அதற்கு முன்பு ஏறக்குறைய இருபது மாதங்கள், வரப்போகும் புதிய அம்சங்களைப் பற்றி ரசிகர்கள் வாரந்தோறும் விவாதித்துத் தீர்த்தார்கள். அந்தப் பேச்சுக்குள் புதிதாக நுழைகிறவர் திணறிப்போவார். மானா, பாப், அருகாமை, கட்டுப்பாடு என்று சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். இவற்றுள் கட்டுப்பாடு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். இந்த விளையாட்டு செய்த மாற்றங்களிலேயே பெரியது அதுதான் என்றும் நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் விளையாட்டின் அடிப்படை. உங்கள் முன் உலக வரைபடம் ஒன்று விரிகிறது. அதில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் அரசை நூற்றாண்டுக் கணக்கில் நடத்துகிறீர்கள். வரி வாங்குவது, படை திரட்டுவது, மண உறவு கொள்வது, வணிகம் வளர்ப்பது, மதப் பூசல்களைச் சமாளிப்பது என எல்லாம் உங்கள் பொறுப்பு. அரசர் இறந்தால் வாரிசு வருவார், ஆட்டம் தொடரும். காலம் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டும்போது நிறுத்தி யோசிக்கலாம். இன்னதைச் செய்தால் வெற்றி என்று யாரும் விதித்து வைக்கவில்லை. ஒருவர் போர்ச்சுகலை எடுத்துக்கொண்டு கடல்களைச் சுற்றுவார். இன்னொருவர் ஜெர்மானிய நிலத்தின் ஒற்றை நகர அரசை எடுத்துக்கொண்டு, பெரிய அண்டை நாடுகளின் வாயில் விழாமல் தப்பிப்பதையே சாதனையாகக் கொள்வார்.

1993இல் ஃபிலிப் திபோ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய பலகை விளையாட்டிலிருந்து வந்தது இந்தத் தொடர். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள பாரடாக்ஸ் நிறுவனம் 2000இல் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஐந்தாம் பாகத்தை உருவாக்கியது அதன் கிளையான பாரடாக்ஸ் டின்டோ. பார்சிலோனா அருகே சிட்ஜஸ் என்ற கடலோர ஊரில் 2020இல் தொடங்கப்பட்ட கூடம் அது. தலைமை யோஹான் ஆண்டர்சன். 2024 பிப்ரவரி 28 அன்று, விளையாட்டின் பெயரையே வெளியிடாமல், ‘பிராஜெக்ட் சீசர்’ என்ற மறைபெயரில் புதன்கிழமைதோறும் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். ‘டின்டோ டாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். என்ன விளையாட்டு என்று சொல்லவில்லையே தவிர, ரசிகர்கள் அன்றே ஊகித்துவிட்டார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது 2025 மே 8இல்தான்.

மானா என்ற பழைய கணக்கு

புதியது ஏன் கொண்டாடப்பட்டது என்று புரிய, பழையதைப் பார்க்க வேண்டும். 2013 ஆகஸ்டில் வந்த நான்காம் பாகத்தில் நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என மூன்று வகைப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வோர் அரசருக்கும் இந்த மூன்றிலும் 0 முதல் 6 வரை ஒரு திறன் மதிப்பு உண்டு. மாதந்தோறும் ஒவ்வொரு வகையிலும் அடிப்படையாக 3 புள்ளிகள் கிடைக்கும். அரசரின் திறனும் ஆலோசகர்களின் பங்கும் அதோடு சேரும். அந்த ஆட்டம் தொடங்கும் 1444 நவம்பர் 11இல் இங்கிலாந்தின் அரியணையில் இருப்பவர் ஆறாம் ஹென்றி. மூன்றிலும் அவருக்கு 0. ஒன்பது மாதக் குழந்தையாக அரசரானவர் அவர்; 1453இல் மனம் நிலைகுலைந்து ஓராண்டுக்கு மேல் எதற்கும் அசையாமல் கிடந்தார். அந்த மதிப்பில் குறை சொல்ல முடியாது.

குறை, புள்ளிகள் செலவான விதத்தில் இருந்தது. புதிய நிர்வாகத் தொழில்நுட்பம் வேண்டுமா, நிர்வாகப் புள்ளி கொடுங்கள். வென்ற நிலத்தைச் சொந்த நிலமாக்க வேண்டுமா, அதே புள்ளி. நாட்டில் அமைதி குலைந்தால் அதைச் சரிசெய்ய அதே புள்ளி. பணவீக்கம் ஏறிவிட்டதா, 75 நிர்வாகப் புள்ளியைக் கட்டினால் இறங்கிவிடும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தங்கையின் கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒரே உண்டியலை உடைப்பது போன்ற கணக்கு அது. 2015இல் சேர்க்கப்பட்ட ஊர் வளர்ச்சி முறை இதை இன்னும் அப்பட்டமாக்கியது. பொத்தானை அழுத்தினால் புள்ளிகள் குறையும், அந்தக் கணமே ஊர் வளரும். யாரும் அங்கே குடியேறவில்லை. ஒரு சாலைகூடப் போடவில்லை. ஆனாலும் வரி கூடிவிடும்.

மாயாஜால விளையாட்டுகளில் மந்திரம் போடச் செலவாகும் சக்திக்கு மானா என்று பெயர். ரசிகர்கள் அதையே இந்தப் புள்ளிகளுக்குச் சூட்டினார்கள். விளையாட்டாக அது நன்றாகவே ஓடியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எதற்கு எவ்வளவு செலவு என்று கண்முன் தெரியும். இதை விட்டு அதை எடு என்ற நெருக்கடி ஒவ்வொரு மாதமும் இருக்கும். ஆனால் வரலாற்றில் ஆர்வம் கொண்டு வந்தவர்களுக்கு அது ஆண்டுக்கு ஆண்டு உறுத்திக்கொண்டே இருந்தது.

2019 ஏப்ரலில் இதே நிறுவனம் இம்பரேட்டர்: ரோம் என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைப்புத் தலைமை அதே ஆண்டர்சன். அதில் மானா மூன்றல்ல, நான்கு வகை. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. சில மாதங்களிலேயே ஒரு பெரிய திருத்தப் பதிப்பில் அந்த முறையைக் கழற்றி எறிந்தார்கள். ஆனாலும் அந்த விளையாட்டு மீளவில்லை. 2021இல் அதன் உருவாக்கப் பணி நிறுத்தப்பட்டது. ‘புதிய விளையாட்டில் மானா கிடையாது’ என்ற செய்தி 2024இல் வந்தபோது எழுந்த ஆரவாரத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

புள்ளிகள் போய் மனிதர்கள் வந்தார்கள்

மானாவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? மக்களை வைத்தார்கள். ரசிகர் பேச்சில் இவர்களுக்கு ‘பாப்’ என்று பெயர். பாரடாக்ஸின் விக்டோரியா தொடரில் 2003 முதலே இருந்த முறைதான். அதை ஐந்து நூற்றாண்டு நீளமுள்ள ஆட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் புதிது.

வரைபடம் 20,000க்கும் மேற்பட்ட சிறு இடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடல், பாலைவனம் எல்லாம் சேர்த்த கணக்கு இது. மனிதர்கள் வாழும் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பேர், அவர்கள் என்ன மொழி-பண்பாடு, என்ன மதம், எந்த வகுப்பு என்று பதிவாகியிருக்கும். பிரபுக்கள், மதகுருமார், நகர வணிகர்கள், தொழிலாளர், படைவீரர், உழவர், பழங்குடியினர், அடிமைகள் என்று வகுப்புகள். தனித்தனி ஆளாகக் கணினி கணக்கிடுவதில்லை. ஒரே இடத்தில் ஒரே பண்பாடும் மதமும் வகுப்பும் கொண்டவர்கள் ஒரு குழு. அப்படிக் குழுக்களாக்கியும் இத்தனை இடங்களுக்குக் கணக்குப் போட்டால் சாதாரணக் கணினி தாங்குமா என்ற கவலை, வெளியீடு வரை ரசிகர்களை விட்டுப் போகவில்லை.

14ஆம் நூற்றாண்டின் மக்கள்தொகையை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி உங்களுக்கும் வரும். சில இடங்களுக்கு வியக்கத்தக்க சான்றுகள் இருக்கின்றன. பிரான்சில் 1328இல் வரிக்காக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எண்ணியது தலைகளை அல்ல, அடுப்புகளை. அரசரின் ஆட்சிக்கு நேரடியாக உட்பட்ட பகுதிகளில் சுமார் 24,000 திருச்சபை வட்டங்கள், 24 லட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் என்று பதிவாயிற்று. ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்று பெருக்கித்தான் வரலாற்றாசிரியர்கள் அக்கால பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிடுகிறார்கள். இந்தக் கணக்கெடுப்பில் நம் கட்டுரைக்கு வேண்டிய ஒரு செய்தியும் ஒளிந்திருக்கிறது: பெரிய சிற்றரசர்களின் நிலங்களில் அரசரின் ஆட்கள் போய் அடுப்பை எண்ண முடியவில்லை. வரைபடத்தில் அவையும் பிரான்ஸ்தான்.

மக்கள் என்று வந்துவிட்டால் போரின் விலை மாறுகிறது. ஆட்டத்தின் தொடக்க நூற்றாண்டில் நிலையான படை என்று பெரிதாக எதுவும் இல்லை. போர் வந்தால் வயலிலிருந்தும் கோட்டையிலிருந்தும் ஆட்களைத் திரட்ட வேண்டும். அவர்கள் போர்க்களத்தில் நிற்கும் வரை வயலில் வேலை நடக்காது. செத்துவிட்டால் அந்த ஊரின் மக்கள்தொகையில் அத்தனை பேர் குறைவு. அடுத்த தலைமுறை பிறந்து வளரும் வரை அந்த ஓட்டை அடைபடாது. வென்றாலும் தோற்ற மாதிரி ஆகிவிடும் போர்கள் உண்டு என்பதை நான்காம் பாகம் இந்த அளவுக்கு உணர்த்தியதில்லை.

கறுப்பு மரணம் எனப்படும் பெருங்கொள்ளைநோய் இந்தக் கணக்கை இன்னும் கொடூரமாக்குகிறது. 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் கப்பலேறி வந்து இறங்கிய நோய், சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொன்றது. ஆட்டம் 1337இல் தொடங்குகிறது. அதாவது பத்தாண்டு பாடுபட்டு ஊர்களை வளர்த்து நிமிரும்போது எல்லாம் சரியும். ஆட்டக்காரரைக் கட்டிப்போட்டு அடிப்பது போல் இருக்காதா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் கருத்து வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் நோய்க்குப் பின் ஆட்கள் குறைந்து கூலி ஏறியதும், 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் போட்டுக் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்திவைக்க நிலவுடைமையாளர்கள் முயன்றார்கள். மக்கள் குறைந்தால் வரி, படை, கூலி, பிரபுக்களின் கோபம் என ஒவ்வொன்றாகச் சரிந்து விழும். மானாப் புள்ளிகளை வைத்து இதைக் காட்டவே முடியாது.

கட்டுப்பாடு எப்படி இயங்குகிறது

இப்போது மையக் கருத்துக்கு வருவோம். உங்கள் நாட்டின் ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 100 வரை ஒரு கட்டுப்பாட்டு அளவு உண்டு. ஓர் ஊரின் உழவும் தொழிலும் 10 பொன் வரி தரக்கூடியது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அங்கே கட்டுப்பாடு 80 என்றால் 8 பொன் உங்கள் கைக்கு எட்டும். 15 என்றால் ஒன்றரைப் பொன். மீதி கருவூலத்தின் பக்கமே வராது. திரட்டக்கூடிய படையும் இதே வழியில் சுருங்கும். நிலம் உங்கள் நிறத்தில்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு அதனால் பயன் கொஞ்சம்தான்.

அந்த அளவைத் தீர்மானிப்பது எது? அருகாமை. தலைநகரிலிருந்து கிளம்பும் அதிகாரம் ஒவ்வோர் இடத்தையும் கடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. இதை வெறும் தூரமாக நினைத்துக்கொள்ளக் கூடாது, பயணச் சிரமமாக நினைக்க வேண்டும். சமவெளியில் மெதுவாகத் தேயும். மலையிலும் அடர்காட்டிலும் விரைவாகத் தேயும். ஆற்றோரமாகப் போனால் தேய்வு குறைவு. கடல்வழியாக வெகுதூரம் போகலாம், ஆனால் அந்தக் கடற்பகுதியில் உங்கள் கப்பல்களின் நடமாட்டம் இருக்க வேண்டும். தலைநகரிலிருந்து நான்கு மலைத்தொடர் தாண்டிய ஊரைவிட, கடலுக்கு அக்கரையிலுள்ள துறைமுகம் ‘அருகில்’ இருக்கக்கூடும். வெனிஸ் போன்ற ஒரு கடல் அரசு அட்ரியாட்டிக் கரையோரம் முழுவதும் தன் பிடியை நீட்டியதும், தன் முதுகுக்குப் பின்னாலிருந்த ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளை நெடுங்காலம் எட்டியும் பார்க்காமல் இருந்ததும் ஏன் என்பது விளையாடும்போதே புரிந்துவிடும்.

இந்த ஒரு விதியால் ஆட்டத்தின் அன்றாட வேலையே மாறிவிடுகிறது. சாலை போட்டால் தேய்வு குறையும், ஆகவே சாலை என்பது பொருளாதார அலங்காரமாக இல்லாமல் அரசியல் கருவியாகிறது. தூரத்து ஊர்களில் அரசரின் அதிகாரியை உட்கார வைக்கலாம். அவர் இருக்கும் இடத்திலிருந்து சிறியதோர் அதிகாரம் தனியாகப் பரவும். வரலாற்றிலும் இது நடந்தது: 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் இரண்டாம் ஃபிலிப், நிலப்பிரபுக்களை நம்பாமல், சம்பளம் வாங்கும் பெய்லிஃப் என்ற அரச அதிகாரிகளை மாவட்டங்களுக்கு அனுப்பினார். 1747இல் பாரிசில் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான பொறியியல் பள்ளி தொடங்கியதும் அதே நீண்ட முயற்சியின் தொடர்ச்சிதான். 500 ஆண்டு ஆட்டத்தில் இந்த முழு நீளத்தையும் நீங்கள் கடக்கிறீர்கள். தொடக்கத்தில் பாரிசைச் சுற்றிய வட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கும். தெற்கே போகப் போக மங்கும். அந்த வெளிச்சம் பரவப் பரவ, அரசு என்ற ஒன்று உருவாவதைக் கண்ணால் பார்க்கிறீர்கள். இதுவரை எந்த வியூக விளையாட்டும் எனக்கு இப்படி ஒரு நிறைவைத் தந்ததில்லை.

கட்டுப்பாடு எட்டாத இடத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கும்? உள்ளூர்ப் பிரபுக்களிடம், மதகுருமாரிடம், வணிகர்களிடம். விளையாட்டு இவர்களை வகுப்பினராக நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் பலம் உண்டு, மனநிறைவு உண்டு, தனி வரி விகிதம் உண்டு. வரியை ஏற்றினால் முறைப்பார்கள். சலுகை கொடுத்து அமைதிப்படுத்தினால் அந்தச் சலுகையே பின்னால் உங்கள் கையைக் கட்டும். மானா இருந்த காலத்தில் அரசரின் விருப்பத்துக்குத் தடையாக இருந்தது புள்ளிப் பற்றாக்குறை. இப்போது தடையாக இருப்பவர்கள் மனிதர்கள்.

தில்லியிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?

ஆட்டம் தொடங்கும் நாள் 1337 ஏப்ரல் 1. அன்றைய இந்தியாவைப் பார்த்தால் கட்டுப்பாடு என்ற கருத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. தில்லியில் முகம்மது பின் துக்ளக் ஆள்கிறார். அவருடைய உச்சகாலத்தில் தில்லி சுல்தானகம் ஏறக்குறைய துணைக்கண்டம் முழுவதும் பரந்திருந்தது. பள்ளிப் புத்தக வரைபடத்தில் அந்தப் பரப்பு முழுவதும் ஒரே நிறம். தில்லிக்கும் மதுரைக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல். குதிரையில் செய்தி போய், பதில் வந்து, படை கிளம்பிச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்து முடிந்திருக்கும்.

துக்ளக் இந்தச் சிக்கலை அறியாதவர் அல்லர். 1327 வாக்கில் தலைநகரைத் தக்காணத்துத் தேவகிரிக்கு மாற்றி, தௌலதாபாத் என்று பெயரிட்டார். அவரது பல கோணல் திட்டங்களில் ஒன்றாக நமக்குச் சொல்லித்தரப்பட்ட செயல் இது. இந்த ஆட்டத்தில் ஒரு பெரிய நிலப்பரப்பை வைத்துக்கொண்டு, தெற்கே கட்டுப்பாடு 10க்கும் கீழே கிடப்பதைப் பார்த்தவருக்கு, தலைநகரை நடுவில் கொண்டுபோய் வைக்கலாம் என்ற எண்ணம் தானாகவே வரும். திட்டத்தின் நோக்கம் விளங்கும். நிறைவேற்றியதில் மக்கள் பட்ட துன்பம் தனிக் கதை.

அதன் பிறகும் தெற்கு நிற்கவில்லை. மாபாரின், அதாவது மதுரையைச் சுற்றிய தமிழ்ப் பகுதியின், ஆளுநராக அனுப்பப்பட்ட ஜலாலுதீன் அசன் கான் 1335 வாக்கில் மதுரையில் தன்னையே சுல்தானாக அறிவித்துக்கொண்டார். அடக்க வந்த துக்ளக்கின் படை வாரங்கல் பக்கம் கொள்ளைநோயில் சிக்கித் திரும்பியது. அடுத்த ஆண்டு, மரபான கணக்குப்படி 1336இல், ஹரிஹரரும் புக்கரும் விஜயநகரத்தை நிறுவினார்கள். போசள மன்னர் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையை இருப்பிடமாகக் கொண்டு இருபுறமும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். அக்கோயிலின் வல்லாள கோபுரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1347இல் தக்காணத்தில் பாமினி சுல்தானகமும் பிரிந்தது. பேரரசு பெரிய போர் ஒன்றில் தோற்று உடையவில்லை. தலைநகரின் கை எட்டாத இடங்கள் ஒவ்வொன்றாக நழுவின. தொடக்கத் தேதியாக 1337ஐத் தேர்ந்தெடுத்ததால் தமிழ்நாட்டு வரலாற்றின் மிகக் கொந்தளிப்பான பத்தாண்டுகளில் ஒன்று ஆட்டத்தின் முதல் பக்கமாகிவிட்டது என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

ரசிகர்கள் எதில் மோதிக்கொண்டார்கள்?

தொடக்கத் தேதியில்தான் பெரிய மோதல். தொடரின் முதல் பாகம் 1492இல் தொடங்கியது, இரண்டாவது 1419இல், மூன்றாவது 1453இல். பின்பு ஒரு விரிவாக்கத்தில் 1399க்குப் போனது. நான்காவது 1444. இப்போது ஒரேயடியாக 1337க்குப் பின்வாங்கியதால் ஒரு நியாயமான அச்சம் எழுந்தது. 1444இல் ஒட்டோமான்கள் ஏற்கெனவே வல்லரசு. முந்தைய நாள்தான் வார்னா போரில் போலந்து-ஹங்கேரி அரசரைக் கொன்று வென்றிருக்கிறார்கள்; இன்னும் ஒன்பது ஆண்டுகளில் கான்ஸ்டான்டினோபிள் விழும். 1337இலோ இன்றைய துருக்கியிலுள்ள அனத்தோலியாவின் பல சிற்றரசுகளில் ஒன்றுதான் அவர்களுடையது. அவர்களின் தலைவர் ஓர்ஹான் அப்போது நிகோமீடியா நகரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஐரோப்பாவில் காலூன்ற இன்னும் 17 ஆண்டுகள் ஆகும். சீனாவில் யுவான் வம்சம் ஆள்கிறது. மிங் வருவது 1368இல். தைமூர் பிறந்து ஓராண்டு ஆகிறது. இவ்வளவு முன்னால் போனால், நாம் அறிந்த 16ஆம் நூற்றாண்டு எந்த ஆட்டத்திலும் உருவாகவே உருவாகாதே என்றார்கள் ஒரு தரப்பினர். நூறாண்டுப் போரும் கொள்ளைநோயும் சீனத்துச் செந்தலைப்பாகைக் கலகமும் இல்லாமல் அந்த 16ஆம் நூற்றாண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்றார்கள் மற்றவர்கள். உருவாக்குநர்கள் இந்தப் பெரிய நிகழ்வுகளைத் தனித்தனி ‘சூழல்’களாக அமைத்து, வரலாறு அந்தப் பக்கம் சாய ஒரு தள்ளு கொடுத்திருக்கிறார்கள். கட்டாயம் நடக்கும் என்ற உறுதி கிடையாது. எனக்கு இந்த வழி சரியாகவே படுகிறது.

வரைபடத் திருத்தங்கள் இன்னொரு பக்கம். 2024 மே முதல் ‘டின்டோ மேப்ஸ்’ என்ற பெயரில் ஒவ்வொரு வட்டாரத்தின் வரைபடத்தையும் வெளியிட்டுக் குறை சொல்லச் சொன்னார்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இந்த ஆற்றின் கரையில் அந்த ஊர் கிடையாது, இங்கே அந்தக் காலத்தில் இந்த மொழி பேசவில்லை, இந்த மலைக்கு இந்தப் பக்கம்தான் எல்லை என்று சான்றுகளோடு எழுதிக் குவித்தார்கள். திருத்திய வரைபடங்கள் பின்னர் வெளிவந்தன. அருகாமை என்பது இடங்களின் எல்லையையும் நிலத்தின் தன்மையையும் சார்ந்தது என்பதால், ஒரு கணவாயைத் தவறாக மலை என்று குறித்துவிட்டால் ஒரு நாட்டின் தலையெழுத்தே மாறும். அந்தச் சண்டைகளை வெறும் ஊர்ப்பற்று என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, இன்னும் ஓயாதது: தூரத்து நிலத்தை நீங்களே வைத்துக்கொள்வதா, ஒரு சிற்றரசரிடம் விடுவதா? சிற்றரசருக்குத் தனித் தலைநகர் உண்டு, அங்கிருந்து அவருடைய அதிகாரம் பரவும். உங்கள் கையில் 10 கட்டுப்பாட்டோடு கிடந்த ஊர், அவர் கையில் 60க்குப் போகலாம். அவர் உங்களுக்குத் திறை கட்டுவார், போருக்கு வருவார். கணக்குப்படி பல நேரங்களில் நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதே லாபம். நாட்டைப் பெரிதாக்கும் விளையாட்டில் நிலத்தைக் கொடுப்பதா என்று சிலருக்குக் கசக்கிறது. ஆனால் இடைக்கால அரசர்கள் தம்பிகளுக்கும் தளபதிகளுக்கும் நிலம் பிரித்துக் கொடுத்ததன் காரணத்தை இதைவிடத் தெளிவாக விளக்க வழியில்லை. அதன் ஆபத்தும் உண்மையானதுதான்: பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜான் தன் கடைசி மகனுக்கு 1363இல் கொடுத்த பர்கண்டி, அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு முடிக்கே எதிரியாக வளர்ந்து நின்றது. இந்தச் சமநிலை இன்னும் கொஞ்சம் நேரடி ஆட்சியின் பக்கம் நகர வேண்டும் என்று நினைக்கிறேன்; இப்போதைக்குச் சிற்றரசர்களைக் குவிப்பது சற்று எளிதாகவே இருக்கிறது.

முதன்முறை திறக்கும்போது

திரையில் நூறு பொத்தான்கள் இருக்கும். பயப்பட வேண்டாம்; வணிகம், கட்டடம், வரி போன்ற பலவற்றைக் கணினியே பார்த்துக்கொள்ளும்படி விடலாம். புதியவர்களுக்கு இந்த வசதி வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டதில் எனக்கு முழு உடன்பாடு. நடுத்தர அளவில், கடற்கரையோடு, ஒரே நிலப்பரப்பாக இருக்கும் நாடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பேரரசுகள் முதல் ஆட்டத்துக்கு வேண்டாம்.

நாடுகளின் நிறம் காட்டும் வரைபடத்தை மாற்றி, கட்டுப்பாட்டைக் காட்டும் வரைபடத்துக்குப் போங்கள். பச்சை எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது என்று பாருங்கள். தலைநகருக்கும் உங்கள் நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்துக்கும் இடையே சாலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான். அந்தச் சாலை முடிந்து, மறுமுனையில் உள்ள ஊரின் எண் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்று கவனியுங்கள். அது ஏறி நிற்கும் வரை அண்டை நாட்டின் மீது போர் தொடுக்காதீர்கள். 1347க்கு முன்பு கருவூலத்தில் கொஞ்சம் பொன்னும், ஊர்களின் களஞ்சியத்தில் கொஞ்சம் தானியமும் மிச்சம் இருக்கட்டும்.